நாலு முகமும் ஒரு தரையும்

கணக்கு வாத்தியாருக்குக் கைதட்டல் கிடைப்பது உலக வழக்கமல்ல. எனக்கு ஒரு தரம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் ஒரு தாலுகாவே நிம்மதியாக இருந்திருக்கும்.

அரசமங்கலம் உயர்நிலைப் பள்ளியில் நான் கணித ஆசிரியர். பெயர் குஞ்சிதபாதம். பட்டகம், பிரமிடு இவற்றையெல்லாம் பிள்ளைகள் கரும்பலகையில் பார்த்தால் போதாது, கையில் வாங்கி முகங்களையும் விளிம்புகளையும் தடவித் தடவி எண்ண வேண்டும் என்பது என் கொள்கை. கொள்கைக்காகச் சுவாமிமலை வரைக்கும் போனேன். சாமி சிலை வார்க்கும் ஒரு பட்டறையில், வெண்கலத்தில் ஒரு பிரமிடு வார்த்துக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"எத்தனை முகமுங்க?" என்றார் பட்டறைக்காரர்.

"அஞ்சு."

"கை?"

"கை கிடையாது."

"வாகனம்?"

அதுவும் கிடையாது என்றதும் அவர் எனக்கு மோர் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி, பஸ் ஏற்றிவிட்டார். பிறகு உள்ளூர் ஆசாரியைப் பிடித்து மாமரத்தில் செய்துகொண்டேன். அந்த மர உருவங்களை மேசையில் பரப்பி, பள்ளிக் கண்காட்சியில் 'நம்மைச் சுற்றி வடிவங்கள்' என்று பேசினேன். அது எழுபதுகளின் தொடக்கம். வருவதாக இருந்த பிரமுகர் வரவில்லை. அந்தக் காலத்துப் பிரமுகர்கள் சுவரொட்டிக்கு வருவார்கள், மேடைக்கு வரமாட்டார்கள். அவருக்குப் பதிலாகத் தனி தாசில்தார் பஞ்சநதம் தலைமை தாங்கினார்.

பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயக் கூலிகளுக்கு, அந்தக் குடிசை நிற்கிற மனையையே சொந்தமாக்கும் சட்டம் அப்போது புதிதாக வந்திருந்தது. அதை எங்கள் தாலுகாவில் நடத்திக் காட்டுவதற்கென்று போட்ட அதிகாரி அவர். வந்ததிலிருந்து நடத்திக்கொண்டுதான் இருந்தார். யாருக்கும் இன்னும் காட்டவில்லை.

பேச்சின் நடுவில் எனக்கு ஒரு வேகம் வந்தது. ஒரு கையில் பட்டகத்தையும் மறு கையில் பிரமிடையும் தூக்கிப் பிடித்து, "பட்டகத்தின் இரு முனையிலும் ஒரே மாதிரி முகம் இருக்கும். நம் வீடுகள் எல்லாம் பட்டகம்! பிரமிடோ ஒரே உச்சியில் போய்க் குவிந்துவிடும். அதில் மனிதன் செத்த பிறகு படுத்திருக்கிறானே தவிர, உயிரோடு எவனும் குடியிருந்ததில்லை!" என்றேன். சபை தட்டியது. பஞ்சநதம் எழுந்து நின்று தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வாத்தியார் சார், நான் இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். குடிசைன்னு நாங்க போய் நின்னா, பண்ணைக்காரங்க வைக்கோல்போருங்கிறாங்க, மாட்டுக்கொட்டாய்ங்கிறாங்க. ஒரு ஊர்ல வாத்துப்பட்டின்னு சொல்லிட்டாங்க. உள்ள ஆறு பேர் சாப்பிட்டுக்கிட்டிருக்கான், வாத்துங்கிறாங்க. சட்டத்துல வீடுன்னா என்னான்னு சொல்லவே இல்ல சார். நீங்க ஒரே வரியில சொல்லிட்டீங்க."

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. வீடு எனப்படுவது பட்டக வடிவினதாய் இருத்தல் வேண்டும்; முகங்களும் விளிம்புகளும் எண்ணப்பட்டுச் சான்றளிக்கப்படுதல் வேண்டும்; சான்றளிப்பவர், வடிவியல் வல்லுநர் திரு. குஞ்சிதபாதம். என் பெயருக்கு முன்னால் அப்படி ஒரு பட்டத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி பிரகதாம்பாளிடம் காட்டினேன்.

"நம்ம வீட்டுல ஒழுகுற எடத்த எண்ணுங்கன்னு எத்தனை ஐப்பசியா சொல்றேன்," என்றாள். "அதுக்கு ஆளில்ல. ஊரான் குடிசைய எண்ண ஜீப்புல போறீங்களாக்கும்."

ஜீப்பில்தான் போனேன். முன் சீட்டில்.

முதல் ஊர் செறுவனூர். பஞ்சநதம், கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப், நான், இரண்டு தலையாரிகள். பிரமிடு என்ற சொல்லைக் கோப்பில் ஏற்றக்கூடாது, எகிப்துக்காரன் சொல் என்று மாவட்டத்தில் ஆட்சேபித்ததால், வழியெல்லாம் அதற்கு நல்ல தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டு போனோம். 'பட்டைக்கூம்பு' என்று முடிவாவதற்குள் பாலம் தாண்டிவிட்டது.

கூலியாட்களின் தெரு வாய்க்காலுக்கு அந்தப்புறம். விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்த பிறகு அங்கே எல்லோரும் மார்பு உயரத்துக்கு மண்சுவர் வைத்து, மேலே இருபுறமும் சரிந்த கீற்றுக்கூரை போட்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னும் பின்னும் ஐந்து மூலை முகம், பக்கத்துக்கு ஒரு சுவர், ஒரு கூரை, கீழே தரை. அசல் ஐங்கோணப் பட்டகம். ஏழு முகம், பதினைந்து விளிம்பு, பத்து உச்சி. முகத்தையும் உச்சியையும் கூட்டி விளிம்பைக் கழித்தால் இரண்டு வரவேண்டும். எந்தப் பட்டகத்துக்கும் எந்தப் பிரமிடுக்கும் இரண்டுதான் வரும். சரிபார்ப்பதற்கு இந்தச் சூத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் கேட்காமலே நானேதான் யோசனை சொல்லியிருந்தேன், சேர்த்தும்விட்டார்கள்.

ஆறு முகத்தை வெளியிலிருந்தே எண்ணிவிட்டோம். ஏழாவதில் சிக்கல் வந்தது. தரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் குனிந்து உள்ளே போகவேண்டும். பஞ்சநதம் தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை காலையில்தான் குளித்ததாகச் சொன்னார். முன்சீப் வாய்க்காலைப் பார்த்தார். எனக்கு முதுகுவலி. அந்த நிமிஷம் வரை இல்லை, அப்போது வந்தது. அந்தத் தெருவில் யார் வீட்டுக்குள்ளும் எங்களில் யாரும் அதுவரை போனதில்லை என்பதுதான் உண்மை.

கணக்குப்பிள்ளைதான் வழி கண்டுபிடித்தார். "தரையை எதுக்குங்க எண்ணணும்? தரை பண்ணையோடது. பட்டா குடுத்தாத்தான் இவங்களது. பட்டா குடுக்கலாமா வேணாமான்னு பாக்கத்தான் எண்ண வந்திருக்கோம். அதுக்குள்ள தரையையும் சேத்து எண்ணிட்டா, குடுத்துட்ட மாதிரி ஆயிடாதா?"

பஞ்சநதம் அசந்துபோனார். "சட்டம்னா இது சட்டம்!" என்று அவர் முதுகில் தட்டினார். தெருவிலுள்ள குடிசைகள் அத்தனையும் ஆறு முகம் என்று பதிவாயின. எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. ஆனால் திரும்பிப் போகவும் அதே ஜீப்புதான்.

தெரு முடிந்து, பண்ணையின் களத்துமேட்டில் ஒரு குடிசை தனியாக நின்றது. நடுவில் ஒரு கால் நட்டு, நாலு பக்கமும் மூங்கில் சாய்த்து, வைக்கோல் வேய்ந்தது. சுவரே இல்லை. கூரை நேராகத் தரையில் வந்து இறங்கியது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முக்கோணம். குடிசைக்காரி அம்சம், நடவாள், வெளியில் வந்து நின்றாள். அவளுடைய இரண்டு பெண்கள் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார்கள்.

பண்ணைக் காரியக்காரர் மருதையன் எங்களுக்கு முன்பே அங்கே வந்து குடையோடு நின்றிருந்தார். "இது வைக்கோப்போருங்க," என்றார்.

"போரிலேர்ந்து பொகை வருதே?" என்றார் பஞ்சநதம்.

"ஈர வைக்கலு. சூடு புடிச்சிருக்கும்."

"கொழம்பு வாசனை வருதே?"

மருதையன் யோசித்தார். "மழைக்கு ஒதுங்கிக்கட்டும்னு பெரியவங்க எரக்கப்பட்டு வுட்டிருக்காங்க. ஒதுங்குன எடத்துல ஒல வெச்சிட்டா வூடாயிடுமாங்க?"

அம்சம் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவன் நான் ஒருத்தன்தான். நியாயம் என்னிடம் இருக்குமென்று நினைத்திருப்பாள். "அய்யா, எம் மாமியாளும் இதுலதான் கெடந்து செத்துது. சொவரு வைக்கக்கூடாதுன்னு பண்ணை உத்தரவுங்க. சொவரு வெச்சா பாத்தியதை வந்துடுமாம். போன தையில முழ உசரம் எழுப்புனேன். இவருதான் மாட்ட வுட்டு மிதிக்கச் சொன்னாரு. இப்ப சொவரு இல்ல, அதனால வூடு இல்லங்குறாரு."

"கூலி ஒசத்திக் கேட்டு வரப்புல மொத ஆளா நின்னியே, அப்ப தெரியலயா?" என்றார் மருதையன். குறுவை நடவுக்கு முன்னால் அவளை அந்த மேட்டிலிருந்து கிளப்பிவிடுவது என்பது பண்ணையில் பேசி முடித்த விஷயம். ஊருக்கே தெரியும். இரண்டு பெண்களோடு அவள் வாய்க்கால் கரையில்தான் போய் உட்கார வேண்டும்.

"வாத்தியார் சார், எண்ணுங்க," என்றார் பஞ்சநதம்.

எண்ணினேன். தரை நீங்கலாக நாலு முகம், எட்டு விளிம்பு, ஐந்து உச்சி.

"ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி முகம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப பட்டகம் இல்ல."

"பட்டகம் இல்ல. சதுர அடிப் பிரமி... பட்டைக்கூம்பு," என்றேன். விடை சரி. அதைச் சொன்னபோது, வகுப்பில் கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்கும் பையனுக்கு வரும் பெருமை எனக்கு வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

"அப்ப எனக்கு இல்லீங்களா?" என்றாள் அம்சம்.

தாலுகா ஆபீசில் விசாரணை வைத்தார்கள். பண்ணையின் வக்கீல் எழுந்து என்னைப் பார்த்து, "பிரமிடில் உயிரோடு எவனும் குடியிருந்ததில்லை என்று பொதுமேடையில் சொன்னவர் தாங்கள்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "இப்போது இந்த அம்மாள் உயிரோடு குடியிருந்ததாகச் சொல்கிறாரே, கணிதப்படி இது சாத்தியமா?"

"அது... ஒரு வேகத்தில் சொன்னது."

"கணிதம் வேகத்தைப் பொறுத்து மாறுமா?"

மாறாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அம்சம் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். தான் உயிரோடிருப்பதை எப்படி ருசுப்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, இருமினாள். அதைப் பதிவு செய்யவில்லை.

பஞ்சநதம் தீர்ப்புக்கு முன்னால் பேசினார். அறையில் எங்களைத் தவிர யாருமில்லை, ஆனாலும் மைக் இருந்தது.

"இது எளியோரின் அரசு, ஏழையரின் அரசு, ஏர் பிடிக்கும் கரங்களுக்கு ஏற்றம் தரும் அரசு! வீடில்லாதவர் ஒருவரும் இருக்கலாகாது என்பது நம் இலட்சியம். அதை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் வீடு கொடுப்பது. அது கடினம், காலமாகும். இன்னொன்று, வீடு எது என்பதைத் தெளிவாக வரையறுத்துவிடுவது. தெளிவு பிறந்துவிட்டால் பாதி மனுக்கள் தாமாகவே தீர்ந்துவிடும். நான் தெளிவின் பக்கம் நிற்பவன். ஏழைக்காக என் இதயம் இரத்தம் சிந்துகிறது. ஆனால் அந்த ஏழை பட்டகத்துக்குள் இருக்கவேண்டும். பட்டைக்கூம்புக்குள் இருந்துகொண்டு அழுதால் அரசின் காதில் எப்படி விழும்?"

பிறகு உத்தரவு. மேற்படி கட்டுமானத்தின் சாய்ந்த முகங்கள் நான்கும் மனுதாரர் அம்சத்துக்குப் பாத்தியமானவை. ஐந்தாவது முகமாகிய தரை, பண்ணைக்குப் பாத்தியமானது. எனவே மனுதாரர் தம்முடைய நான்கு முகங்களைப் பண்ணையின் ஒரு முகத்திலிருந்து குறுவை நடவுக்கு முன் அப்புறப்படுத்திக்கொள்ள வேண்டியது.

சங்கத்துத் தங்கையன் அதை அவளுக்குப் படித்துச் சொன்னார். அவள் மறுபடி படிக்கச் சொன்னாள். "அப்ப அந்த நாலும் எனக்குத்தான்னு சர்க்காரு எழுதிக் குடுத்திருக்கு?"

"ஆமா. தூக்கிக்கிட்டுப் போன்னு எழுதியிருக்கு."

"எங்க தூக்கிக்கிட்டுப் போறதுன்னு எழுதலியா?"

"அது எழுதல."

இதற்கிடையில் தணிக்கை வந்தது. தணிக்கைக்காரர் வீடுகளைப் பார்க்கவில்லை, கூட்டலைப் பார்த்தார். என் சூத்திரத்தை மாதிரிக்கு ஒரு குடிசையில் போட்டுப் பார்த்தார். ஆறும் பத்தும் பதினாறு, கழித்தல் பதினைந்து, ஒன்று. அடுத்த குடிசையிலும் ஒன்று. தாலுகா முழுக்க, இரண்டு வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒன்று வந்தது.

"அரசாங்கக் கணக்குல ஒண்ணு கொறையுதுன்னா, யாரோ தின்னிருக்காங்கன்னு அர்த்தம்," என்றார் அவர். "இத்தனை வீட்டுல ஆளுக்கு ஒண்ணு. இது சின்ன சமாசாரம் இல்ல சார்."

காணாமல் போன ஒன்றைக் குறித்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அது தரைதான், யாரும் உள்ளே குனியாததால் விட்டுப்போயிற்று என்று எழுதினேன். அந்த விளக்கம் ஏற்கப்படவில்லை. பஞ்சநதம் பயந்துபோய், தணிக்கை மனம் குளிரும்படி இரண்டாவது சுற்றறிக்கை விட்டார். இனிமேல் வடிவத்தைப் பார்க்கவேண்டாம். இந்தத் தாலுகா எல்லைக்குள் எந்தக் கட்டுமானத்துக்குச் சூத்திரப்படி இரண்டு வருகிறதோ, அதுவே குடியிருப்பு. அதன் மனை அதில் வசிப்பவருக்கே சொந்தம். ஒன்று வந்தால் மனு தள்ளுபடி. தரை பண்ணையுடையது என்பதால் ஒருத்தருக்கும் இரண்டு வராது என்று கணக்குப்பிள்ளை அவருக்குத் தைரியம் சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அம்சத்தோடு போகவேண்டிய சனியன் தெரு முழுவதையும் பிடித்தது. மருதையன் களத்துமேட்டுக்குப் போய், நடவு வரைக்கும்கூடப் பொறுக்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் தாலுகா ஆபீசில் இன்னொரு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே சத்தம் கேட்டது. வாசலில் எட்டிப்பார்த்தேன். பாலத்துப் பக்கமிருந்து சாலையில் ஒரு பட்டைக்கூம்பு நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் நாலு மூலையிலும் மூங்கிலைத் தோளில் வைத்து ஆட்கள். முன்னால் தங்கையன் கொடியோடு. பின்னால் அம்சம் அடுப்புக்கட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு. பானைகளோடு இரண்டு பெண்கள். நேராகக் காம்பவுண்டுக்குள் நுழைந்து, கொடிமரத்துக்கும் ஜீப் நிற்கும் இடத்துக்கும் நடுவில் குடிசையை இறக்கினார்கள். அம்சம் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வைக்கோலின் வழியாகப் புகை வந்தது.

பஞ்சநதம் ஓடி வந்தார். "என்னய்யா இது? ஆபீஸ் இது!"

"உத்தரவுல அப்புறப்படுத்துன்னு போட்டிருந்தீங்க," என்றார் தங்கையன். "எங்கன்னு போடல. சந்தேகம் கேக்கலாம்னு வந்தோம். வெயிலா இருக்குன்னு வீட்டையும் எடுத்தாந்துட்டோம்."

"இது வீடு இல்லய்யா!"

"அதை நீங்க சொல்லக்கூடாது, சார் சொல்லணும்," என்று தங்கையன் என்னைக் காட்டினார். "ரெண்டு வந்தா வீடுன்னு உங்க கையெழுத்துல இருக்கு. எண்ணச் சொல்லுங்க."

தணிக்கைக்காரரும் காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லை. பஞ்சநதம் என்னை ஒதுக்கிக் காதோடு சொன்னார்: "சார், தரை ஆபீஸோடது. தரையைத் தள்ளிட்டு நாலுன்னு சொல்லிடுங்க. முடிஞ்சிபோச்சு."

"பண்ணைத் தரைன்னாத்தான தள்ளலாம்னாங்க? இது யார் தரை?"

"அரசாங்கத்துத் தரை."

இது தங்கையன் காதில் விழுந்தது. "அரசாங்கம் யாரோடதுங்க?" என்று உரக்கக் கேட்டார்.

ஏர் பிடிக்கும் கரங்களுடையது என்று பஞ்சநதம் ஊர் ஊராக மைக்கில் சொன்னது அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம்.

"எதுக்கும் உள்ள போய்த் தரை இருக்கான்னு பாத்துடுங்க," என்றார் தணிக்கைக்காரர். "இல்லன்னா மறுபடி ஒண்ணு கொறையும்."

அன்றைக்கு என் முதுகு வலிக்கவில்லை. குனிந்தேன், குனிந்தது போதாமல் மண்டிபோட்டேன். உள்ளே நல்ல உயரம் இருந்தது, நிமிர்ந்து உட்கார முடிந்தது. அம்சம் அடுப்புக்கட்டிகளின் மேல் உலை வைத்திருந்தாள். சின்னப் பெண் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியிலிருந்து எத்தனையோ தரம் எண்ணிய அந்த நாலு முகமும் உள்ளேயிருந்து பார்த்தபோது ஒரு குடும்பத்தைச் சுற்றி வேய்ந்த வைக்கோலாகத்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"உக்காருங்க சார். தரை இருக்குதான்னு பாக்கத்தான வந்தீங்க?" என்றாள் அம்சம். 'அய்யா' போய் 'சார்' வந்திருந்தது.

உட்கார்ந்தேன். தரை இருந்தது.

வெளியே வந்து, வேட்டியில் மண்ணோடு நின்று சொன்னேன்: "முகம் அஞ்சு. உச்சி அஞ்சு. விளிம்பு எட்டு. பத்துல எட்டு போனா ரெண்டு."

"சார்!" என்று கதறினார் பஞ்சநதம். "ஒண்ணே ஒண்ணு கொறச்சிச் சொல்லுங்க சார்!"

"கணக்குங்க அது. கொறைக்க முடியாது."

இதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பிரகதாம்பாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். தப்பாக எண்ண எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தணிக்கைக்காரர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைகுலுக்க வந்தார். அவர் வந்ததிலிருந்து தாலுகாவில் முதல் முதலாகத் தேறிய கணக்கு அது. "சுற்றறிக்கைப்படி இது குடியிருப்பு," என்றார் பஞ்சநதத்திடம். "மனை இந்த அம்மாவுக்குச் சொந்தம். எதுவரைக்கும் அளந்து குடுக்கப்போறீங்க? கொடிமரமும் சேருமா?"

பஞ்சநதம் கொடிமரத்தைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அடுத்தாற்போல் இருந்த கருவூல ஜன்னலைப் பார்த்தார். சாலையில் இன்னும் ஆட்கள் வருவது தெரிந்தது. செறுவனூர்த் தெருவே புறப்பட்டிருந்தது. சுவர்களை விட்டுவிட்டுக் கூரைகளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் கூரை பாலம் ஏறிவிட்டது. வழியில் ஒரு பஸ் நின்று வழிவிட்டது.

"தரையும் வீட்டோட மொகம்தான்!" என்று கத்தினார் பஞ்சநதம். "நான் எப்பவும் அதைத்தான் சொல்றேன்! யாரு இல்லன்னது? கணக்குப்பிள்ளைய கூப்பிடுங்கய்யா!"

மூன்றாவது சுற்றறிக்கை, நின்றபடியே ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து எழுதப்பட்டது. குடிசை எங்கே எப்போதும் நின்றதோ அங்கேயுள்ள தரை குடிசையின் முகமே, எண்ணிக்கையில் சேரும், இன்றே பட்டா வழங்கப்படும். அத்தனை காலம் நகராத காரியம் ஒரு பகல் பொழுதில் முடிந்தது. கருவூலத்துக்கு அடுத்தாற்போல் யாரோ சோறு வடிப்பது எவ்வளவு பெரிய நிர்வாகச் சக்தி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்சத்தின் பட்டாதான் முதலில் கையெழுத்தாயிற்று. மை காய்வதற்குள், குடிசையைத் திருப்பிக் கொண்டுபோக ஆள் போதாதென்று குமாஸ்தாக்களையே மூங்கிலுக்குத் தோள் கொடுக்க வைத்தார் பஞ்சநதம். கணக்குப்பிள்ளை காலையில் குளித்ததைச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வடகிழக்கு மூலை கிடைத்தது. தென்மேற்கு மூலை எனக்கு.

மருதையன் களத்துமேட்டில் குடையோடு நின்று, பண்ணையிலிருந்து அப்பீல் போவார்கள் என்றார். போனார்கள். அப்பீலை விசாரிக்க வேண்டியவரும் பஞ்சநதம்தான். அவர் இனி அந்த ஊர்ப் பெயரைக் கேட்கவே தயாராயில்லை.

ஒரு மாதம் கழித்து, மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் செறுவனூர் போனேன். யாரும் அனுப்பவில்லை. களத்துமேட்டில் மண்ணைக் குழைத்துக் கொட்டி, அம்சமும் பெண்களும் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். கூரையை உயர்த்திக் கட்டுவதற்காகப் பக்கத்தில் பிரித்து வைத்திருந்தது. மூன்று பக்கம் முழங்கால் உயரம் வந்திருந்தது. மாட்டை விட்டு மிதிக்க இனி யாரும் வரமுடியாது.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு சுவர், மேலே நாலு சாய்வு, கீழே தரை. பழக்கதோஷம், விரலை நீட்டிவிட்டேன்.

"எண்ணாதீங்க சார்," என்றாள் அம்சம், மண் கையோடு நிமிர்ந்து. "புண்ணியமாப் போவும். நீங்க வெளிய நின்னு எண்ணுனா எப்பவும் ஒண்ணு கொறஞ்சிதான் போவுது. உள்ள வந்து மண்ண மிதிங்க."

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். நான்காவது சுவர் எழும்பும் வரை மிதித்தேன்.